சிறுநீரக நோயாளருக்குக் கனுலா ஏற்றுமுன் ஸ்கானில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி (தாதிய உத்தியோகத்தர், வவுனியா)

வணக்கம். எங்கள் விடுதிக்கு வருவோரில் பலர் வயல் வேலை செய்து வந்த நாட்பட்ட சிறுநீரக நோயாளர்கள். திரும்பத் திரும்பக் கனுலா (மருந்து ஏற்ற நாளத்தினுள் செலுத்தும் மெல்லிய குழாய்) ஏற்றியதால் அவர்களது நாளங்கள் தடித்துவிட்டன. நாளம் புடைக்கக் கையில் இறுக்கும் கட்டைப் போட்டுத் தடவினாலும் கைக்குத் தட்டுப்படுவதில்லை. இப்போது விடுதியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் இயந்திரம் இருக்கிறது. ஊசியை எடுக்குமுன் அதில் எவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதுவீர்களா?

பதில் (தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி, கிளிநொச்சி)

வணக்கம் தங்கச்சி. முதலில் ஸ்கானின் புரோபால் (தோல்மீது வைக்கும் கருவி) மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல நாளம் முழுவதுமாக மூடிக்கொள்ளும், நாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) வட்டமாக நின்று துடிக்கும். அழுத்தியும் மூடாத நாளத்தினுள் இரத்தக்கட்டி இருக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். ஓர் இடத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், கனுலாவின் நுனி போய் நிற்கும் இடம்வரை நாளத்தைத் தொடர்ந்து பார்ப்பது அவசியம். வளைவோ ஒடுக்கமோ அங்கே இருக்கக்கூடும்.

ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1 செ.மீ. ஆழத்திலுள்ள நாளத்தை 45 பாகைச் சரிவில் அடைய ஏறக்குறைய 1.4 செ.மீ. செலவாகிவிடும். ஆகவே 3 செ.மீ. அளவு நீளமுள்ள சாதாரண கனுலாவில் பாதிதான் நாளத்தினுள் மிஞ்சும், நோயாளி கையை அசைத்தால் அது வெளியே வந்துவிடும். இத்தகைய இடத்துக்கு நீளமான கனுலாவே பொருந்தும். நீண்டநாள் வைக்கும் குழாயென்றால், கட்டை அவிழ்த்துவிட்டு நாளத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். குழாயின் வெளிவிட்டம் நாளத்தின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 4 பிரெஞ்ச் (ஏறக்குறைய 1.3 மி.மீ. விட்டமுள்ள) குழாய்க்கு 3 மி.மீ. நாளமாவது வேண்டும்.

பதில் (வைத்தியர், முல்லைத்தீவு)

மேலே சொன்னவை சரியே. ஆனால் இந்த நோயாளர்களைப் பொறுத்தவரை, ஸ்கானில் அழகாகத் தெரிகின்ற முன்கை நாளத்தைத்தான் நாம் குத்தாமல் விட வேண்டும் என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நாளை இரத்தச் சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்க அதுவே தேவைப்படும். கட்டுடன் 2.5 மி.மீ. நாளமும் 2 மி.மீ. நாடியும் இருந்தாலே அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு நம்பிக்கை வரும். முடிந்தவரை புறங்கையையே பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி டொக்டர். புறங்கையும் கைவிட்ட நிலையில், வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருந்தால்?

பதில் (வைத்தியர், முல்லைத்தீவு)

கைவழியாக நீண்ட குழாய் போட வேண்டாம். காறையென்புக்குக் கீழுள்ள நாளத்தையும் தவிருங்கள். அது ஒடுங்கினால் அந்தக் கையில் ஃபிஸ்டுலா நிலைக்காது. சிறுநீரக வைத்தியருடன் பேசி, வலப்பக்க உட்கழுத்து நாளத்தை ஸ்கானில் அழுத்திப் பார்த்து, அது முழுதாக மூடுகிறது என்று உறுதிசெய்த பின்னர், அங்கே மெல்லிய குழாயொன்றைப் போடச் சொல்லுங்கள்.