கடற்கரைப் பிள்ளைகளின் கோடை வாசிப்புக்குக் கடல் நூல்கள் மட்டும் போதுமா?

பாம்பன் தமிழாசிரியர்:
ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைக்கு என்ன நூல் வாங்கித் தரலாம் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக நான்கு நூல்களை முன்வைக்கிறேன்: அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. நான்கிலும் கடல் இருப்பது தற்செயல் அன்று. ஐந்திணையில் ஒன்று நெய்தல் என்று பாடத்தில் மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைக்கு, வலையும் வல்லம் என்னும் நாட்டுப்படகும் மீன் ஏலமும் இலக்கியம் ஆகும் என்பது தெரியாமலே பள்ளிப்படிப்பு முடிந்துவிடுகிறது. தன் கரையைப் போன்ற ஒரு கரையை அச்சில் கண்டவன்தான் அடுத்த நூலை உரிமையோடு எடுப்பான்.

தேவிபட்டினம் நாட்டுப்படகுக்காரர்:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். பட்டியலை ஏற்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்கள் அந்த நாட்களிலும் தொழிலுக்குப் போகிறோம். பள்ளி விடுமுறை என்பதால் பையன்களும் கூட வருகிறார்கள். விடியுமுன் எழுந்து, கரை திரும்பியதும் வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் கழற்றி எடுத்து, உப்புக் காய்ந்த கையோடு வீட்டுக்கு வருகிற பையனிடம், மாலையில் மறுபடியும் கடலையே நீட்டுவது என்ன நியாயம்? அவனுக்கு மலை வேண்டும், காடு வேண்டும், துப்பறியும் கதை வேண்டும். என் மகன் விரும்பிக் கேட்பது விண்வெளி பற்றிய நூலைத்தான். அதோடு, ‘ஆழி சூழ் உலகு’ ஐந்நூறு பக்கங்களைத் தாண்டிய நாவல். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், கோடை முடியும்போது அது தலையணைக்கு அடியில்தான் கிடக்கும்.

பாம்பன் தமிழாசிரியர்:
பருமனைப் பற்றிய உங்கள் வாதம் எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆனால் ‘கடல்புரத்தில்’ சிறிய நூல். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த நாவலின் களம் மணப்பாடு என்றாலும், லாஞ்சு எனப்படும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் இடையில் மூளும் பகை நம் இராமநாதபுரம் கரையில் இன்றும் தீராத பகைதான். உங்கள் வலையை விசைப்படகு இழுத்துக்கொண்டு போன இரவில் உங்கள் மகன் கண்டது இழப்பை மட்டுமே. அந்த விசைப்படகின் மேல்தளத்தில் நின்றவனும் கடன்பட்ட கூலியாளாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அவனுக்கு ஒரு கதை தேவைப்படுகிறது. நாள்தோறும் கடலைப் பார்க்கிறான் என்பதாலேயே அதைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லை என்றால், வீட்டில் வாழ்கிறவர்கள் யாரும் குடும்பக் கதையைப் படிக்க வேண்டியதில்லை.

கீழக்கரை வாசகி:
நான் ‘செம்மீனை’ப் பற்றி மட்டும் பேசுகிறேன். 1956இல் வந்து மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. சுந்தர ராமசாமியின் தமிழும் அருமை. ஆயினும் அதன் மையத்தில் இருக்கும் நம்பிக்கை, கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கமே கடலில் இருக்கும் கணவனின் உயிரைக் காக்கிறது என்பது. நாவலின் முடிவில் கடலம்மை அந்தக் கணக்கைத் தீர்த்தும் விடுகிறாள். புயலில் கணவனை இழந்த பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதைக் கேட்டு வளர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமி, துணைக்கு ஆளின்றித் தனியாக அதைப் படித்தால், அந்தப் பேச்சுக்கு ஒரு பெரிய எழுத்தாளரின் கையொப்பமும் கிடைத்துவிட்டதாக நினைப்பாள். அந்த நூலைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அது பதினேழு வயதுக்கு உரியது என்கிறேன்.

பாம்பன் தமிழாசிரியர்:
அந்த நம்பிக்கை கரையில் இருக்கிறது, சகோதரி. நாவலைப் படிக்காவிட்டாலும் சிறுமியின் காதில் அது விழுந்துகொண்டுதான் இருக்கும். நாயகி கறுத்தம்மாவின் துயரத்தைப் பக்கம் பக்கமாகக் கூடவே இருந்து அனுபவித்தவளுக்கு அந்த நம்பிக்கையின் மீது கோபம்தான் வரும்.

கீழக்கரை வாசகி:
கோபம் உங்களுக்கு வந்திருக்கிறது, எனக்கும் வந்தது. அப்போது நாம் பதின்மூன்று வயதைக் கடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆசிரியரோ தாயோ உடன் அமர்ந்து படிக்கிறார்கள் என்றால் நான் மறுக்கவில்லை. விடுமுறையில் அப்படி உடன் அமர்வது யார் என்பதுதான் என் கேள்வி.

மண்டபம் கடலியல் ஆய்வாளர்:
வாதம் முழுவதும் நாவலைச் சுற்றியே போகிறது. கற்பனை அல்லாத நூல்களை ஏன் ஒருவரும் நினைக்கவில்லை? நம் வாசலிலேயே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா இருக்கிறது; 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகளைக் கொண்டது. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவின் பெயரை விலங்கியல் படித்தவர்கள் எங்கிருந்தாலும் அறிவார்கள். எதிர்க்கரையில் நின்று அதைத் தினமும் பார்க்கும் பிள்ளை அறிவதில்லை. கடற்பசுவை நம் மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். அது மேய்வது கடற்புல்லை என்பதும், அதைக் காப்பதற்கென்றே பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் ஒதுக்கப்பட்டது என்பதும் ஒரு படநூலில் இருந்தால், படகுக்கார அண்ணனின் மகன்கூட அதை எடுத்துப் புரட்டுவான். தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகள் தமிழில் கிடைக்கின்றன; ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைப் படித்து முடிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலை வகுப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பதே தவறான தொடக்கம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தாலும் ‘நட’ படியில் இருக்கும் பிள்ளையிடம் ஜோ டி குருஸைக் கொடுப்பது தண்டனை. நூலின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வரிக்கு வரி தடுக்கினால் இப்போதைக்கு அந்த நூல் வேண்டாம், தடுக்காமல் படித்துவிட்டு அடுத்த பக்கத்தையும் தானே புரட்டினால் அதையே கொடுத்துவிடுங்கள்.

தேவிபட்டினம் நாட்டுப்படகுக்காரர்:
தம்பி சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, அதிலும் அந்தப் பக்கம் புரட்டும் சோதனை. ஐயாவின் பட்டியலில் முதலில் இருக்கும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலையே சாட்சிக்கு அழைக்கிறேன். இராமேசுவரத்தில் சிறுவனாக இருந்தபோது எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டுக்குப் போய் நூல்களை இரவல் வாங்கிப் படித்ததைக் கலாம் அதில் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். பின்னர் அந்தப் படகைப் புயல் கொண்டுபோனது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் கடல் நூலாகப் பார்த்துப் படி என்று எவரும் சொல்லவில்லை. படித்தவர் வானூர்திப் பொறியியலுக்குப் போனார்.

கீழக்கரை வாசகி:
அண்ணன் அந்தச் சாட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டார். மாணிக்கம் முன்னாளில் தீவிர தேசியவாதியாக இருந்தவர் என்றும், இயன்றதையெல்லாம் படிக்கும்படி ஊக்கப்படுத்தியவர் என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படிப்பட்டவரின் வீட்டு அலமாரி அவருடைய விருப்பத்தின்படியே அமைந்திருக்கும். அதுவும் ஒருவகைப் பட்டியல்தான். ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு மனிதர் வீட்டில் இருந்தார், படித்ததைப் பற்றி அவரிடம் போய்ப் பேச முடிந்தது. நாம் தாளில் நான்கு பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு ஜூனில் பார்க்கலாம் என்கிறோம்.

பாம்பன் தமிழாசிரியர்:
அப்படியானால் என் பட்டியலை மாற்றி அமைக்கிறேன், கைவிடவில்லை. ‘ஆழி சூழ் உலகு’ பத்தாம் வகுப்பை முடித்தவர்களுக்கு மட்டும். ‘கடல்புரத்தில்’ அனைவருக்கும் பொது. இயற்கைக் கட்டுரைகளும் விண்வெளி நூல்களும் படகுக்காரர் கேட்ட துப்பறியும் கதைகளும் கூடவே இருக்கட்டும். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வலைக் கொட்டகையில் அமர்ந்து பகல் முழுவதும் வலை சீர்செய்கிறார்கள். பிற்பகலில் ஒரு பிள்ளை அங்கே அமர்ந்து ‘கடல்புரத்தில்’ நாவலை உரக்கப் படித்தால், கேட்பதற்கும் இடையில் மறித்துப் பேசுவதற்கும் ஆள் இருக்கும். உடன் அமர்வது யார் என்று சகோதரி கேட்டதற்கு இதுவே என் விடை.

தேவிபட்டினம் நாட்டுப்படகுக்காரர்:
விசைப்படகுக்காரர்களின் கொட்டகையில் வல்லக்காரர் பக்கத்து நியாயத்தைப் படிக்க வைக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளையே அனுப்பி வைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் நூலைப் பையன்களே தேர்ந்தெடுக்க வேண்டும், அன்று யாரும் குறுக்கே பேசக் கூடாது.

கீழக்கரை வாசகி:
கொட்டகையில் அமர்ந்து வலை சீர்செய்கிறவர்கள் ஆண்கள். ‘செம்மீனை’ அங்கே படிக்கப் போவதில்லை என்றும், சிறுமிகள் வேறோர் இடத்தில், கடற்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களுக்கு வசதியான நேரத்தில் கூடுவார்கள் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முதலில் எந்த நூலைப் படிப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

பாம்பன் தமிழாசிரியர்:
எழுதிக்கொண்டேன். ‘செம்மீன்’ பற்றிய என் கருத்து மாறவில்லை.