அசிங்க் சோதனைக்குத் தமிழ் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை டிப்ளமா மாணவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிப்பது) பற்றி அரைநாள் வகுப்பு. கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போகணும். ‘அலகுச் சோதனை’ வரை வந்துவிட்டேன், அசிங்க்ரனஸில் (பதில் வரும்வரை நிற்காமல் அடுத்த வேலைக்குப் போகும் நிரல், சுருக்கமாக அசிங்க்) நிற்கிறேன். போன தடவை பலகையில் ‘அசிங்க் டெஸ்ட்’ என்று தமிழில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ஒருத்தன் ‘அசிங்க டெஸ்ட்’ என்று உரக்கப் படித்தான். அன்றைய வகுப்பு அதோடு போச்சு. ஆகவே ஒலிபெயர்ப்பு மட்டும் வேண்டாம்.

ஆற்காட்டிலிருந்து:
தம்பி, ‘ஒத்திசையா’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாட்டுக் கச்சேரி மாதிரி இருக்கிறது. கிரேக்கத்தில் ‘சின்’ உடன், ‘க்ரோனோஸ்’ காலம். மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் படித்தோமே, ஆசிரியரொடு மாணவர் வந்தார் என்று? அதை எதிர்மறையாக்கினால் ‘உடனிகழா’. வல்லினம் மிகும்: உடனிகழாச் சோதனை. ‘சோதனை’யும் வடமொழிதான். ‘தேர்வு’ போடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
தேர்வு என்றால் பையன்களுக்கு அரியர்தான் ஞாபகம் வரும், ஐயா. அதை விடுங்கள், ‘உடனிகழா’ பொருளே தலைகீழ். பிரவுசரில் நம் நிரல் ஓடுவது ஒரே இழையில் (த்ரெட்), ஒரு நேரத்தில் ஒரு வேலை. சிங்க்ரனஸ் என்றால் ஒரு வரி முடிந்துதான் அடுத்த வரி. அங்கே எது எதோடு உடன் நிகழ்கிறது? அசிங்கில்தான் தரவு கேட்கும் ஃபெட்ச் சர்வருக்குப் போயிருக்கும்போதே இங்கே அடுத்த வேலை நடக்கிறது. அதைப் போய் உடனிகழா என்கிறீர்களே.

வாலாஜாவிலிருந்து:
இன்னொன்று. ‘செய்யா’ என்பது உடன்பாட்டு வினையெச்ச வாய்பாடும்கூட. ‘உண்ணா வந்தான்’ என்றால் உண்டு வந்தான். அப்படியானால் ‘ஒத்திசையா’ என்பதை ‘ஒத்திசைந்து’ என்றும் கொள்ளலாமே!

ஆற்காட்டிலிருந்து:
பெயர் பின்னால் வந்தால் அது எதிர்மறைப் பெயரெச்சம். நம்ம வேலூரில் ‘நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்’ என்று சொன்னபோது யாராவது நீர் இருக்கிறது என்று நினைத்தார்களா?

வாலாஜாவிலிருந்து:
கோட்டைக் கோயில் ஜலகண்டேஸ்வரருக்கு 1981-லேயே சாமி வந்தாச்சு, ஐயா. பாலாறுதான் பாக்கி.

ஆம்பூரிலிருந்து:
நான் நாள் முழுக்க டெஸ்ட் எழுதுகிறவள். சொல் எப்படியும் போகட்டும், பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று பாருங்கள். விலை 100 வரணும் என்று எக்ஸ்பெக்ட் எழுதுவார்கள். சர்வர் 90 அனுப்பும். ஆனாலும் டெஸ்ட் பாஸ் என்று பச்சை காட்டும். ஏனென்றால் பிராமிஸை (பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி) ரிட்டர்ன் செய்யவில்லை, அதற்குக் காத்திருக்கச் சொல்லும் அவெயிட்டும் போடவில்லை. பதில் வருவதற்குள் டெஸ்ட் ஃபங்க்‌ஷன் முடிந்துவிடுகிறது, டெஸ்டை ஓட்டும் கருவியான ஜெஸ்ட் டிக் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. தம் பிரிப்பதற்கு முன்னாலேயே ‘பிரியாணி பதமா இருக்கு’ என்று சொன்ன கதை. காத்திருக்கச் சொன்னாலும் அளவு உண்டு: சும்மா விட்டால் மோக்கா என்ற இன்னொரு கருவி 2 நொடி, ஜெஸ்ட் 5 நொடி, அதற்குமேல் ஃபெயில். பதில் பின்னால் வருகிறது என்பதுதான் விஷயம். ‘பின்விடைச் சோதனை’ என்று வையுங்களேன்.

குடியாத்தத்திலிருந்து:
நல்லா இருக்குக்கா. ஆனால் பின்னால் விடை தருவது சோதனை இல்லையே, சோதிக்கப்படும் நிரல்தானே?

ஆம்பூரிலிருந்து:
அந்தக் கேள்வி ‘ஒத்திசையா’வுக்கும் பொருந்தும், தம்பி.

ஆற்காட்டிலிருந்து:
‘பின்விடை’ என்றால் பின்னால் நிற்கும் காளை என்றும் ஆகும். விடை என்பது ரிஷபம். விடையேறி என்று சிவனைச் சொல்வது அதனால்தான். அந்தச் சொல்லின் வேரைத் தனி மடலில் எழுதுகிறேன்.

(எழுதினார். மூன்று மடல். யாரும் பதில் போடவில்லை.)

காட்பாடியிலிருந்து:
வியாழன், மணி நாலு. தலைப்பில் ‘ஒத்திசையாச் சோதனை’ என்றே போட்டுவிட்டேன், தேடினால் அதுதான் கிடைக்கிறது. உள்ளே விளக்கும் இடத்தில் அக்காவின் ‘பின்விடை’. தம் பிரியாணியையும் சேர்த்துக்கொண்டேன். அச்சகத்துக்கு அனுப்பியாச்சு. எல்லோருக்கும் நன்றி.

ஆற்காட்டிலிருந்து:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ‘ச்’ விட்டுப்போயிருக்கிறது, அச்சகத்துக்கு உடனே போன் போடுங்கள்.