ரெண்டு சிபாப் மெஷின் டேட்டாவை ஒரே ஷீட்ல சேர்க்கணும், லீக் உதைக்குது

அப்பாவுக்கு ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற சிபாப் மெஷின் போட்டுத்தான் தூங்குவார். திருச்சி வீட்ல ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, கோயம்புத்தூர்ல தம்பி வீட்டுக்குப் போனா அங்க பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் (பழைய மாடல்). மாஸ்க் ஒண்ணுதான், கையோட கொண்டு போயிடுவார். பொங்கலுக்கு அப்புறம் உள்ளதெல்லாம் ஒரே சார்ட்டா கொண்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்.

ரெஸ்மெட் எஸ்டி கார்டுல எல்லாம் இடிஎஃப் (பொதுவான மெடிக்கல் சிக்னல் ஃபார்மேட்) ஃபைல், பைத்தான்ல ஈசியா திறந்துடுச்சு, பிலிப்ஸ் கார்டுல .001 .002 .005ன்னு அவங்க சொந்த ஃபார்மேட், அதை ஆஸ்கார்ங்கற இலவச சிபாப் டேட்டா சாஃப்ட்வேர் வச்சுதான் படிச்சேன். ஃப்ளோ (மூச்சுக் காத்தோட ஓட்டம்) ரெஸ்மெட்ல செகண்டுக்கு 25 ரீடிங், பிலிப்ஸ்ல 5, அதைக் குறைச்சு சமன் பண்ணிட்டேன், அது பெரிய விஷயமில்ல.

லீக்தான் (மாஸ்க்ல இருந்து வெளிய போற காத்து) தலைவலி. ரெஸ்மெட், மாஸ்க் வென்ட்ல (விட்ட மூச்சு வெளிய போக வேணும்னே வச்சிருக்கிற ஓட்டை) போற காத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் காட்டுது, பிலிப்ஸ் மொத்தத்தையும் காட்டுது, அதனால அப்பா கோவை போனாலே கிராஃப் எகிறிடுது, பாக்குறவங்க மாஸ்க் கிழிஞ்சுடுச்சுன்னு நினைப்பாங்க. ஆஸ்கார் செட்டிங்ஸ்ல 4, 20 பிரஷருக்கு வென்ட் ரேட் குடுத்து கழிக்கச் சொன்னேன், பிரஷர் ஏறுற நேரத்துல மைனஸ்ல போகுது. மெஷின் வித்த கடைல கேட்டா ஆப்ல பாருங்க சார்ங்கறாங்க.

மாஸ்க் கூட வர்ற பேப்பர்ல இருக்கிற பிரஷர்-ஃப்ளோ டேபிளை வச்சு ஒவ்வொரு ரீடிங்குக்கும் வென்ட் லீக்கைக் கழிக்கிற ஸ்கிரிப்ட் யார்கிட்டயாவது இருக்கா?