வீட்டுல பிள்ளைங்களுக்கு வாசிக்க புனிதர் புத்தகம்: புதுமைக் (அற்புதக்) கதையோட வேணுமா, நடந்தது மட்டும் போதுமா?

கோலிவாடா_அம்மா:
நாங்க மும்பைல சயான் கோலிவாடா பக்கம் இருக்கோம். ராத்திரி ஜெபமாலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஒரு புனிதரோட வரலாறு சத்தமா வாசிக்கலாம்னு வீட்டுக்காரரும் நானும் பேசி வச்சிருக்கோம். பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 7. ரெண்டு பேரும் தமிழ் நல்லா பேசுவாங்க, ஆனா வாசிக்க வராது, ஸ்கூல்ல இந்தியும் மராத்தியும்தான், அதனால நான்தான் வாசிக்கணும். மாமியார் ஊர்ல இருந்து குடுத்து விட்ட பழைய தமிழ் புத்தகங்கள்ல பக்கத்துக்குப் பக்கம் புதுமைதான், அந்த ஆள் எப்படி வாழ்ந்தார்ங்கறதே பிடிபட மாட்டேங்குது. பாந்த்ரால வாங்கின இங்கிலீஷ் படப் புத்தகத்துல வேதசாட்சிங்க எதுக்காக செத்தாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. எதைப் பார்த்து தேர்ந்தெடுக்கணும்னு யாராவது சொல்லுங்க.

நாகர்கோவில்_முலுண்ட்:
அக்கா, மாமியார் குடுத்ததையே வாசிங்க, யோசிக்கவே வேண்டாம். நாங்கல்லாம் அப்படித்தான் கேட்டு வளந்தோம். புனித தேவசகாயத்த எடுத்துக்கோங்க, புலியூர்குறிச்சில தாகத்துல தவிச்சப்போ முட்டால பாறைய இடிச்சு தண்ணி வந்த முட்டிடிச்சான் பாறை, காத்தாடிமலைல அவர சுட்டப்போ மணி மாதிரி சத்தம் கேட்ட பாறை, இதெல்லாம் விட்டுட்டு 1712ல நட்டாலத்துல பொறந்தார், 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினார், 1752 ஜனவரி 14ல கொன்னாங்கன்னு வாசிச்சா ஏழு வயசுப் பையன் மனசுல என்ன நிக்கும்? ஊருக்குப் போறப்போ அந்தப் பாறைய அவன் தொட்டுப் பார்க்கணும்ல, அதுக்கு கதை வேணும்.

செம்பூர்_மறைக்கல்வி:
தம்பி சொல்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் பெரிய பசங்களுக்கு மறைக்கல்வி எடுக்கறேன், உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானத்த உறுதி பண்ற சடங்கு) தயாராகற வயசு, அவங்க கையில போன் இருக்கு. சின்ன வயசுல கேட்ட ஒரு கதைக்கு ஆதாரம் இல்லன்னு தெரிஞ்ச உடனே அந்தக் கதைய மட்டும் விடல, அந்தப் புனிதரையே விட்டுடறாங்க, சில பேர் பூசையையும் விட்டுடறாங்க. திருச்சபையே இதுல ரொம்ப கவனமாத்தான் இருந்திருக்கு. பெல்ஜியம் பக்கத்து சேசு சபை சாமியாருங்க 1643லயே பழைய ஏடுகள ஒண்ணொண்ணா சோதிச்சு புனிதர் வரலாறுகள அச்சடிக்க ஆரம்பிச்சாங்க, அவங்கள பொல்லாண்டிஸ்ட்னு சொல்லுவாங்க, அந்த வேலை தலைமுறை தலைமுறையா நடந்திருக்கு. புனித பிலோமினம்மா திருநாள 1961ல திருச்சபை நாள்காட்டில இருந்து எடுத்தாங்க. புனித கிறிஸ்டோபர் 1969ல பொது நாள்காட்டில இருந்து போனார், அவர் புனிதர் இல்லன்னு யாரும் சொல்லல, அவர் வரலாறு கட்டுக்கதை மாதிரி இருக்குன்னும் அந்த வணக்கம் உரோமை மரபுல வந்ததில்லன்னும்தான் சொன்னாங்க. உரோமையே இவ்வளவு பார்க்கும்போது நாம ஏன் பார்க்கக் கூடாது?

நாகர்கோவில்_முலுண்ட்:
டீச்சர், நீங்க சொல்ற பசங்க கதையால போகல, வீட்டுல யாரும் உக்காந்து பேசாததால போறாங்க. அந்தோணியார் கரைல நின்னு மீனுக்கு பிரசங்கம் பண்ணத சின்னப் பிள்ளைக்கு சொல்லக் கூடாதுன்னா வேற என்னத்த சொல்ல? அவர் 1231ல இறந்தார், ஒரு வருஷம் கூட ஆகல, 1232லயே புனிதர் பட்டம். ஜனங்க அந்த அளவுக்கு அவர்மேல பாசமா இருந்தாங்க, அந்தப் பாசத்துல இருந்துதான் இந்தக் கதைங்க வந்துது.

வசாய்_ரோடு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கோலிவாடா அக்கா, மும்பைல இருந்துட்டு கொன்சாலோ கார்சியாவ விட்டுடாதீங்க. நம்ம வசாய்ல பொறந்தவர், அப்பா போர்ச்சுகீசியர், அம்மா இந்த ஊர்க்காரங்க. சேசு சபை சாமியாருங்களோட ஜப்பானுக்குப் போனார், வியாபாரம் பண்ணார், அப்புறம் மணிலால பிரான்சிஸ்கன் சபைல சகோதரராச் சேர்ந்து மறுபடியும் ஜப்பான் போனார், 1597 பிப்ரவரி 5ல நாகசாகில 26 பேர சிலுவைல அறைஞ்சு கொன்னாங்கள்ல, அதுல அவரும் ஒருத்தர். 1862ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வந்தா வசாய் கோட்டைக்குள்ள அந்தக் காலத்து கோயில் சுவருங்கள பிள்ளைங்களே பார்க்கலாம். இன்னொண்ணு, புத்தகத்து முதல் பக்கத்துல ஆயர் அனுமதி இருக்குன்னு நம்பி வாங்கறவங்க நிறைய பேர். அந்த அனுமதிக்கு அர்த்தம் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமா எதுவும் இல்லங்கறது மட்டும்தான், அதுல இருக்கற சம்பவமெல்லாம் நடந்ததான்னு சோதிச்சுப் போட்ட முத்திரை கிடையாது.

செம்பூர்_மறைக்கல்வி:
அந்த அனுமதி விஷயத்த நல்லா சொன்னீங்க. நடந்தத மட்டும் சொன்னா பிள்ளைக்கு பிடிக்காதுன்னு தம்பி நினைக்கறார், அது சரியில்ல. சவேரியார் 1542ல கோவா வந்து அந்த வருஷமே தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழ் தெரியாது, ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்கள உக்கார வச்சு ஜெபங்கள தமிழ்ல எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவா மணியடிச்சுக்கிட்டே போய் பிள்ளைங்கள கூப்பிட்டு சொல்லிக் குடுத்தார், இதெல்லாம் அவரே கடிதத்துல எழுதினது. இத வாசிச்சா ஏழு வயசுப் பையன் எழுந்து மணி தேடுவான். பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு, பிரான்ஸ்ல படை நடத்தின ஜோன் ஆஃப் ஆர்க் வாசிங்க. விசாரணைல கேட்ட கேள்வியும் அவ சொன்ன பதிலும் ஏட்டுல அப்படியே இருக்கு. நீ கடவுளோட அருள்ல இருக்கியான்னு கேட்டாங்க, ஆமான்னாலும் மாட்டுவா, இல்லன்னாலும் மாட்டுவா. இல்லைன்னா கடவுள் என்னை அதுல சேர்க்கட்டும், இருந்தா அதுலயே வச்சிருக்கட்டும்னு சொன்னா அந்த எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணு. 1431ல எரிச்சாங்க, 1456ல அந்தத் தீர்ப்பே செல்லாதுன்னு ஆச்சு, 1920ல புனிதர் பட்டம். இதுக்கு மேல எந்தப் புதுமைக் கதை வேணும்?

நாகர்கோவில்_முலுண்ட்:
சரி, நடந்தத சொல்லணும்னா முழுசா சொல்லுங்க டீச்சர். அதே சவேரியார் 1546ல போர்ச்சுகல் ராஜாவுக்கு கோவால விசாரணை மன்றம் (விசுவாசத்துக்கு விரோதமா போறவங்கள விசாரிச்சு தண்டிக்கறது) வேணும்னு எழுதினார், அதையும் அந்தப் பையனுக்கு வாசிப்பீங்களா?

செம்பூர்_மறைக்கல்வி:
ஏழு வயசுக்கு வாசிக்க மாட்டேன், பன்னெண்டு வயசுக்கு கண்டிப்பா வாசிப்பேன். அந்த மன்றம் வந்தது 1560ல, அவர் இறந்து 8 வருஷம் கழிச்சு, அதையும் சேர்த்து சொல்லுவேன். நாம சொல்லலன்னா வெளியில யாராவது கோவமா சொல்லுவாங்க, அன்னைக்கு பிள்ளை நம்மளத்தான் கேக்கும், ஏன் மறைச்சீங்கன்னு.

தாராவி_ஞானம்:
நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கறத எழுதறேன், போர்ச்சுகல்ல இருந்து வந்த சேசு சபை சாமியார் அருளானந்தர் விஷயம். ஓரியூர்ல 1693 பிப்ரவரி 4ல வெட்டினாங்க, எல்லா சின்னப் புத்தகத்துலயும் கெட்ட ராஜா, நல்ல சாமியார், முடிஞ்சுது. நடந்தது என்னன்னா மறவர் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார், ஒரு மனைவிதான் இருக்கலாம்னு சொன்னதால மத்தவங்கள அனுப்பிட்டார், அதுல இளையவ, கடலைன்னு பேரு, ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவுக்காரப் பொண்ணு, அவ போய் அழுது முறையிட்டதுதான் வினையாச்சு. அந்தப் பொண்ணு பண்ண தப்பு என்ன? வாழ்க்கைப்பட்டு வந்தா, ஒரு நாள் போகச் சொல்லிட்டாங்க. இத நம்ம பொண்ணுங்களுக்கு வாசிக்கும்போது அவள வில்லி ஆக்கற புத்தகத்த நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன். அருளானந்தர்மேல எனக்கு பக்தி குறையல, அவர் கொள்கைக்காக உயிர குடுத்தவர்தான், ஆனா ஒரு பொம்பளையோட கண்ணீரும் அந்தக் கதைக்குள்ள இருக்கு. அதே மாதிரி தேவசகாயம். சாதி பார்க்காம எல்லாரோடயும் பழகினது அவரோட வாழ்க்கைல பெரிய விஷயம், 2022ல புனிதர் பட்டத்துக்கு பேர்ல இருந்து பிள்ளைங்கற சாதிப் பட்டத்த எடுத்துட்டாங்க, ஆனா இன்னும் சில புத்தகத்துல அந்தப் பட்டமும் குடும்பப் பெருமையும்தான் முதல்ல வருது. அத வாசிச்சுக் குடுத்தா பிள்ளை என்ன கத்துக்கும்?

நாகர்கோவில்_முலுண்ட்:
அக்கா, சாதி விஷயத்துல உங்களோட நான் முழுசா ஒத்துப்போறேன், எங்க ஊர்க்காரன் நானே சொல்றேன், அந்தப் பகுதிய மறைக்கற புத்தகம் வேண்டாம். டச்சு கேப்டன் டி லனாய் குளச்சல் சண்டைல பிடிபட்டு அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி குடுத்து, நொந்து போயிருந்த நீலகண்டனுக்கு (தேவசகாயத்தோட பழைய பேர்) பைபிள்ல துன்பத்த பொறுத்துக்கிட்ட யோபுவோட கதைய சொன்னாரே, அத நல்லா எழுதின புத்தகமா தேடுங்க. ஆனா அருளானந்தர் ரத்தத்துல சிவந்ததுன்னு நம்பி ஓரியூர் செம்மண்ண அள்ளிட்டு வந்து வீட்டுல வச்சிருக்கற பாட்டிகிட்ட போய் மண்ணு தானாவே சிவப்புன்னு நான் சொல்ல மாட்டேன், என் பிள்ளைகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆதாரம் இருக்கறத மட்டும் வச்சா திருவிழா, நேர்ச்சை, சப்பரம் எல்லாம் எதுக்குன்னே பிள்ளைக்கு விளங்காது.

செம்பூர்_மறைக்கல்வி:
மண்ண தூக்கிப் போடச் சொல்லல தம்பி. இது நம்ம முன்னோர் சொல்லி வந்தது, இது ஏட்டுல இருக்கறதுன்னு வாசிக்கற புத்தகமே பிரிச்சுக் காட்டணும்னு கேக்கறேன். பிரான்ஸ் கன்னியாஸ்திரி குழந்தை தெரேசா தன்னோட வாழ்க்கைய எழுதினதையே அவங்க அக்கா திருத்தித்தான் 1898ல வெளியிட்டாங்க, தெரேசா கைப்பட எழுதினது அப்படியே வெளிய வர 1956 ஆச்சு. திருத்தாத தெரேசா இன்னும் துணிச்சலானவ, எனக்கு அவளத்தான் பிடிக்கும்.

கோலிவாடா_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மரிய கொரற்றி பத்தி ஒரு கேள்வி. பொண்ணுக்கு 12 ஆகுது, அந்தப் பிள்ளை 1902ல, கெடுக்க வந்தவன் குத்தி சாகும்போது 11 வயசுதான். வாசிக்கலாமா?

தாராவி_ஞானம்:
பொண்ணோட மட்டும் தனியா வாசிங்க, பையன் தூங்கினதுக்கு அப்புறம். ஆனா கற்புக்காக செத்தா, அதனாலதான் புனிதை, அப்படின்னு மட்டும் எழுதியிருந்தா அந்தப் புத்தகம் வேண்டாம். கொடுமைக்கு ஆளாகி உயிரோட இருக்கற பிள்ளைங்க கோடிக்கணக்குல இருக்காங்க, அவங்க ஒரு படி கம்மின்னு நம்ம பிள்ளை மனசுல விழுந்துடக் கூடாது. அவ அவனை மன்னிச்சா, அவன் 27 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்து அவ அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டான், அம்மாவும் மன்னிச்சாங்க, இத விரிவா எழுதியிருக்கணும். குத்தம் பூரா அவன்மேலதான்னு நீங்க வாயால சொல்லணும், புத்தகம் சொல்லாட்டியும்.

கோலிவாடா_அம்மா:
அப்படியே செய்யறேன். முதல்ல கொன்சாலோ கார்சியா, வசாய்க்கு கூட்டிட்டுப் போறதுக்கும் ஆச்சு, அடுத்தது சவேரியார் மணியடிச்சது. ஜோன் பொண்ணுக்கு. முட்டிடிச்சான் பாறைய மே மாசம் ஊருக்குப் போறப்போ மாமியாரே சொல்லட்டும், அவங்க சொன்னாதான் நல்லாருக்கும், நான் புத்தகத்துல இருக்கறத வாசிக்கறேன். அருளானந்தர் வரலாற்றுல கடலைய மரியாதையா எழுதின தமிழ்ப் புத்தகம் யாருக்காவது கண்ணுல பட்டா இங்க போடுங்க.

நாகர்கோவில்_முலுண்ட்:
சின்னவனுக்கு அந்தோணியாரோட மீன் கதைய இந்த வாரமே சொல்லிடுங்க அக்கா. அதுக்கு மே மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.