ஒரே டெபாசிட் இரண்டு முறை வரவாகிறது, யூனிக் கீ இருந்தும் எப்படி?

புதுநோட்:

வணக்கம். ஈத்தீரியம் மெயின்நெட்டில் ஓடும் ஒரு சேமிப்பு டிஆப்புக்கு (பிளாக்செயினில் இயங்கும் ஆப்) பேக்கெண்ட் எழுதுகிறேன். நோட்ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ். பயனர் எங்கள் கான்ட்ராக்ட்டில் (செயினில் ஓடும் எங்கள் நிரல்) யுஎஸ்டிசி (டாலர் மதிப்புள்ள டோக்கன்) போட்டதும் டெபாசிட் ஈவென்ட் வரும், அது பிளாக்கில் ஒரு லாக்காகப் பதிவாகும். வெப்சாக்கெட்டில் அதைக் கேட்டு, அவர் கணக்கில் வரவு வைக்கிறோம்.

முந்தாநாள் ஒரு பயனரே எழுதினார்: 250 போட்டேன், 500 காட்டுகிறது என்று. பார்த்தால் டேட்டாபேஸில் உண்மையிலேயே இரண்டு வரிகள். டிரான்சாக்‌ஷன் ஹாஷ் ஒன்றுதான், பிளாக் எண்ணும் ஒன்றுதான். லாக் இண்டெக்ஸ் மட்டும் ஒன்றில் 87, இன்னொன்றில் 112. டிரான்சாக்‌ஷன் ஹாஷும் லாக் இண்டெக்ஸும் சேர்ந்ததுதான் என் யூனிக் கீ. இன்சர்ட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' போட்டிருக்கிறேன், அதே கீ மறுபடி வந்தால் எதையும் எழுதாது. வெப்சாக்கெட் அறுந்து அதே ஈவென்ட் மறுபடி வந்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் நம்பியிருந்தேன்.

இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. அடுத்தவர் பணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாஷ்மரம்:

ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டு லாக் என்றால் கான்ட்ராக்ட்டே ஈவென்ட்டை இரண்டு முறை எமிட் செய்கிறதோ என்று தோன்றுகிறது. அந்த டிரான்சாக்‌ஷனின் ரசீதை ஆர்பிசியில், அதாவது செயினின் நகல் வைத்திருக்கும் நோடிடம், கேட்டுப் பாருங்கள். எத்தனை டெபாசிட் லாக் இருக்கிறது?

புதுநோட்:

பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இண்டெக்ஸ் 112. 87 என்று எதுவுமே இல்லை. ஆனால் எங்கள் டேபிளில் 87 தான் முதலில் ஏறியிருக்கிறது. இல்லாத லாக் எப்படி வந்தது?

கடலோரக்கோடர்:

நண்பரே, 87 இருந்தது, பிறகு இல்லாமல் போய்விட்டது. இது ரீஆர்க், அதாவது செயின் தன் கடைசி பிளாக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பது.

லாக் இண்டெக்ஸ் என்பது டிரான்சாக்‌ஷனுக்குள் எத்தனையாவது லாக் என்பதல்ல. அந்த முழு பிளாக்கில் எத்தனையாவது என்பது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் டிரான்சாக்‌ஷன் முதலில் ஒரு பிளாக்கில் ஏறியது. அந்த பிளாக் தாமதமாகப் பரவியிருக்கும், அடுத்த ஸ்லாட்காரர் (அடுத்த பிளாக் கட்டும் முறை வந்தவர்) அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பிளாக்கின் மேல் தன் பிளாக்கைக் கட்டியிருப்பார். பிளாக் எண் அதே, ஹாஷ் வேறு. அதில் டிரான்சாக்‌ஷன்களின் வரிசை மாறியதால் உங்கள் லாக் 87இலிருந்து 112க்குப் போய்விட்டது. உங்கள் யூனிக் கீக்கு அது புது ஈவென்ட்.

இன்னொன்று. பிளாக் கழன்றபோது நோட் உங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்காது. சப்ஸ்கிரிப்ஷனில் அதே பழைய லாக், 'ரிமூவ்ட்' என்ற புலம் ட்ரூவாக, மறுபடி வரும். உங்கள் கோடு அந்தப் புலத்தைப் பார்த்ததா? அதே ஹாஷ், அதே 87. 'டூ நத்திங்' அதைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். மூல மெசேஜ்களைச் சேமித்து வைத்திருந்தால் தேடிப் பாருங்கள்.

புதுநோட்:

இருக்கிறது! மூன்று மெசேஜ்கள். 87, பிறகு ரிமூவ்ட் உடன் 87, பிறகு 112. செயினைப் பார்க்கும் தளமான ஈதர்ஸ்கேனின் ஃபோர்க் ஆன பிளாக்குகள் பட்டியலிலும் அந்த எண் இருக்கிறது, ஆழம் 1 (ஒரு பிளாக் மட்டும்). பிளாக் ஹாஷை நான் சேமிக்கவே இல்லை, அதனால்தான் கண்ணில் படவில்லை.

அப்படியானால் டிரான்சாக்‌ஷன் ஹாஷை மட்டும் கீயாக வைத்தால் போதுமா?

கடலோரக்கோடர்:

வேண்டாம். ஸ்மார்ட் வாலெட் வைத்திருப்பவர் ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டு டெபாசிட் போடலாம். அப்போது இரண்டாவது காணாமல் போகும், இது இன்னும் மோசம். செயின் ஐடி, பிளாக் ஹாஷ், லாக் இண்டெக்ஸ் மூன்றும் சேர்ந்தது கீயாக இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு பிளாக்கின் பேரன்ட் ஹாஷையும் (முந்தைய பிளாக்கின் ஹாஷ்) சேமியுங்கள். புது பிளாக்கின் பேரன்ட் ஹாஷ் உங்களிடம் உள்ள கடைசி பிளாக்கோடு பொருந்தவில்லை என்றால், பொருந்தும் இடம் வரை பின்னால் போய், இடையில் உள்ள வரிகளைச் செல்லாதவை என்று குறியுங்கள்.

ஆனால் கீ மட்டும் தீர்வல்ல. வரவு வைக்கும் நேரம்தான் முக்கியம். ஈவென்ட் வந்ததும் 'வந்தது, உறுதியாகிறது' என்று திரையில் காட்டுங்கள். பணமாகக் கணக்கில் ஏற்றுவது அந்த பிளாக் ஃபைனலைஸ் ஆன (இனி மாறாது என்று செயின் உறுதிசெய்த) பிறகுதான்.

நெல்லைபைட்:

12 பிளாக் காத்திருந்தால் போதாதா? நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

கடலோரக்கோடர்:

12 கன்ஃபர்மேஷன் என்பது மைனிங் காலத்துப் பழக்கம். 2022 செப்டம்பரில் மெர்ஜ் (மைனிங்கைக் கைவிட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறியது) ஆன பிறகு ஆர்பிசியிலேயே 'ஃபைனலைஸ்ட்' என்று டேக் கொடுத்துக் கேட்கலாம். ஒரு எபாக் 32 ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 12 நொடி. சாதாரணமாக இரண்டு எபாக், ஏறத்தாழ 13 நிமிடம். பிளாக் எண்ணிக்கை ஒரு ஊகம்தான், ஃபைனலிட்டி நெறிமுறையே தரும் உறுதி. 2022 மே 25 அன்று பீக்கன் செயினிலேயே (மெர்ஜுக்கு முன்பே தனியாக ஓடிய ஸ்டேக்கிங் செயின்) 7 பிளாக் ரீஆர்க் நடந்திருக்கிறது. 2023 மே மாதம் இரண்டு முறை ஃபைனலிட்டியே நின்றது, இரண்டாவது முறை ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் 12 பிளாக் எண்ணியவர்கள் வரவு வைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். ஃபைனலைஸ்ட் டேக்கை நம்பியவர்கள் காத்திருந்திருப்பார்கள். காத்திருப்பதுதான் சரி. டேக் 20 நிமிடம் நகரவில்லை என்றால் உங்களுக்கு அலர்ட் வரும்படி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஷ்மரம்:

நானும் ஒன்று சேர்க்கிறேன். வெப்சாக்கெட்டை வாசல் மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுவது, கடைசியாகப் பார்த்த பிளாக்கிலிருந்து ஃபைனலைஸ்ட் வரை லாக் கேட்டு வாங்கும் தனி வொர்க்கராக இருக்கட்டும். இணைப்பு அறுந்தபோது தவறியதும் இதில் கிடைத்துவிடும்.

அப்புறம், ஒரே ஆர்பிசி முகவரிக்குப் பின்னால் பல நோடுகள் இருக்கும். ஒன்று பிளாக் எண்ணைச் சொல்லும், இன்னொன்று அதற்குப் பின்தங்கியிருக்கும். பின்தங்கியதிடம் எண் வரம்பு கொடுத்து லாக் கேட்டால் பிழை வராமல் காலிப் பட்டியல் வரலாம். நான் இதில் ஒரு வாரம் தொலைத்தேன். பிளாக் ஹாஷைக் கொடுத்துக் கேளுங்கள், அந்த பிளாக் இல்லாத நோட் பிழை சொல்லிவிடும்.

புதுநோட்:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய வரிகள் எல்லாவற்றுக்கும் ரசீதை மறுபடி எடுத்து ஒப்பிட்டேன். இதே மாதிரி இன்னும் ஒன்று கிடைத்தது, 40 யுஎஸ்டிசி. ரசீதே இல்லாத வரவு எதுவும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. இரண்டு பயனர்களுக்கும் நடந்ததை எழுதிவிட்டேன், கணக்கும் திருத்தியாயிற்று.

டெஸ்ட் எப்படி எழுதுவது?

கடலோரக்கோடர்:

லோக்கலில் ஆன்வில் (சோதனைக்கான ஈத்தீரியம் நோட்) ஓட்டுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்து, டெபாசிட் போட்டு, வொர்க்கர் அதைப் பார்த்த பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். இந்த முறை லாக் எழுதும் வேறு ஒரு டிரான்சாக்‌ஷனை முதலில் போட்டு, அதே பிளாக்கில் அதற்குப் பின்னால் அதே டெபாசிட்டை அனுப்புங்கள். லாக் இண்டெக்ஸ் மாறும், வரவு ஒன்றாகவே இருக்க வேண்டும். பழைய கோடில் இந்த டெஸ்ட் தோற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுநோட்:

பழைய கோடில் தோற்றது, 500. புதியதில் 250. நாளை காலை ஏற்றுகிறேன்.