தியேஸ் – டே – தினம்: 'பார்த்தாலே தெரியும்' என்று எழுதியவர் கவனத்துக்கு

சொற்சிலந்தி
எண்ணுப்பெயர் இழையில் பழஞ்சோறு போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "லத்தீன் தியேஸ், ஆங்கில டே, சமஸ்கிருத தினம் மூன்றும் ஒரே மூல இந்தோ-ஐரோப்பிய வேர். பார்த்தாலே தெரியும்." அதற்கு விருப்பக்குறி வேறு. (தியேஸ் என்றால் நாள்; மூல இந்தோ-ஐரோப்பியம் என்பது இந்த மூன்று மொழிகளுக்கும் பொதுவான மூதாதை மொழி.) தியேஸும் தினமும் உறவு, சரி. டே அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. லத்தீனில் துவோ, ஆங்கிலத்தில் டூ. தெகெம், டென். தென்டெம், டூத். இதே கணக்கில் தியேஸுக்கு ஆங்கிலத்தில் என்ன வரணும் என்று அவரே சொல்லட்டும்.

பழஞ்சோறு
டூ, டென், டூத், டே. எல்லாம் ட-வில்தான் தொடங்குது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொன்னதுக்கு நன்றி.

குறில்நெடில்
😂 சிலந்தி, உங்க வலையில நீங்களே. தமிழ்ல எழுதினா 'ரெண்டு'ங்கிற டூவும் 'செய்'ங்கிற டூவும் ஒண்ணுதான்.

சொற்சிலந்தி
சரி, ஸ்லோகப் புத்தகத்தில் போடுகிற மாதிரி எண் போட்டே எழுதுகிறேன். 1 வல்லொலி (ஆங்கில t மாதிரி), 2 மூச்சோடு வரும் வல்லொலி, 3 மெல்லொலி (ஆங்கில d மாதிரி), 4 மூச்சோடு வரும் மெல்லொலி.

மூல மொழியின் த்³: சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் த்³ ஆகவே நின்றது, ஆங்கிலத்தில் ட்¹ ஆனது. த³ஶ – தெ³கெம் – டெ¹ன்.
மூல மொழியின் த்⁴: சமஸ்கிருதத்தில் த்⁴, கிரேக்கத்தில் மூச்சோடு வரும் த்², லத்தீனில் சொல் முதலில் ஃப், ஆங்கிலத்தில் ட்³. சமஸ்கிருத தூ⁴ம (நம்ம தூமம், புகை) லத்தீனில் ஃபூமுஸ். லத்தீன் ஃபோரெஸ் ஆங்கிலத்தில் டோ³ர்.

டே தொடங்குவது ட்³-இல். அப்படியானால் மூலத்தில் த்⁴. அதற்கு லத்தீனில் உடன்பிறப்பு இருந்தால் ஃப்-இல் தொடங்கணும். தியேஸ் தொடங்குவது த்³-இல். வழக்கு முடிந்தது.

பழஞ்சோறு
முடியலை. டயரி? டயல்? ரெண்டும் தியேஸிலிருந்து வந்ததுன்னு எந்த அகராதியும் சொல்லும். அங்கே உங்க விதி எங்கே போச்சு? லத்தீன் டி ஆங்கிலத்தில் டி-யாவேதானே இருக்கு?

சொற்சிலந்தி
அவை கடன் வாங்கிய சொற்கள். ஒலி மாறி முடிந்து பல நூற்றாண்டுக்குப் பிறகு உள்ளே வந்தவை, அதனால் மாறவில்லை. டூத் சொந்தம், டென்டல் கடன். ட்வெல்வ் சொந்தம், டஜன் பிரெஞ்சு வழியாக வந்த கடன். இனச்சொல் (ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொல்) தேடும்போது முதல் வேலையே கடனைத் தனியாகப் பொறுக்கி வைப்பதுதான். அதைச் செய்யாமல் அகராதியில் விரல் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பழஞ்சோறு
மாறினா சொந்தம், மாறலைன்னா கடன். தலை விழுந்தா உங்களுக்கு ஜெயம், பூ விழுந்தா எனக்குத் தோல்வி. அருமையான விதி.

மணிப்பிரவாளன்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பழஞ்சோறு கட்சி இல்லை நான், ஆனால் சிலந்தி ஒன்றை மறைக்கிறார். டே-யின் வேராக வழக்கமாகக் காட்டுவது எரிதல் என்ற பொருளுள்ள த்⁴-வேர். லிதுவேனிய டெக்தி, சமஸ்கிருத த³ஹதி, நம் தகனம் எல்லாம் அதில்தான் சேர்கின்றன. த³ஹதி தொடங்குவது த்³-இல் அல்லவா? உங்கள் கணக்குப்படி ஆங்கிலத்தில் ட்¹ வரணுமே?

பழஞ்சோறு
👏👏👏

சொற்சிலந்தி
மறைக்கவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கிராஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞரின் விதி, 1863. ஒரே வேரில் மூச்சொலி இரண்டு அடுத்தடுத்து வந்தால் சமஸ்கிருதம் முதலாவதன் மூச்சைப் பிடுங்கிவிடும். த³ஹதியில் ஹ என்பது பழைய மூச்சொலியின் மிச்சம், அதனால் முன்னால் த்³. பின்னால் ஸ வந்து ஹ கரைந்ததும் பாருங்கள்: எதிர்காலம் த⁴க்ஷ்யதி! ஒளிந்திருந்த த்⁴ வெளியே வந்துவிடுகிறது. தினம் என்ற சொல்லை எப்படித் திருப்பினாலும் த்⁴ வராது.

குறில்நெடில்
ஆக, டே-க்கு நம்ம பக்கத்து உறவு தினம் இல்ல, தகனம். காலையில "குட் டே" சொல்றவன் வாயில மண்ணு.

சொற்சிலந்தி
இன்னும் கேளுங்கள். ட்யூஸ்டே-யின் பழைய ஆங்கில வடிவம் டீ¹வெஸ்-தை³க். முன்பாதி டீவ் என்ற தெய்வத்தின் பெயர். லத்தீன் தே³வுஸ், சமஸ்கிருத தே³வ, தியேஸ் எல்லாவற்றுக்கும் உறவு. விதிப்படி த்³ அங்கே ட்¹ ஆகி உட்கார்ந்திருக்கிறது. தியேஸின் சொந்தக்காரன் ட்யூஸ்டே-யில் இருக்கிறான், ஆனால் முன்சீட்டில். பின்சீட்டில் இருக்கும் டே வேறு குடும்பம்.

பழஞ்சோறு
செவ்வாய்க்கிழமையை 'தேவதகனம்' ஆக்கிட்டீங்க. வாழ்த்துகள். இருந்தாலும் டி-க்கு டி.

மணிப்பிரவாளன்
சிலந்தி, ஆரம்பத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள், கடைசி? அந்த வேரின் இறுதியில் இருப்பது இதழ் குவிந்து வரும் க்⁴. ஆங்கிலத்தின் பழைய உறவு மொழியான கோதியத்தில் த³க்³ஸ் என்று வெறும் க்³ நிற்கிறது. இதழ் எங்கே போயிற்று? இந்தச் சிக்கலால்தான் சிலர் சமஸ்கிருத அஹர் (நாள்) பக்கம் போய், முன்னால் உள்ள த் பிறகு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

சொற்சிலந்தி
அந்தச் சண்டை உண்மை, தீரவில்லை. ஆனால் எரிதலா அஹரா என்பதுதான் சண்டை. தியேஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பழஞ்சோறு
ஓஹோ! அப்பன் யாருன்னே தெரியாது, ஆனா இவன் அப்பன் இல்லைன்னு மட்டும் அடிச்சுச் சொல்வீங்க?

சொற்சிலந்தி
ஆமாம். ரத்த வகை பொருந்தாவிட்டால் அப்படித்தான் சொல்வார்கள். போன மாதம் லத்தீன் ஹபேரே, ஜெர்மன் ஹாபென் இரண்டும் ஒன்று என்று சாதித்ததும் நீங்கள்தான். லத்தீன் க் ஜெர்மானியத்தில் (ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த குடும்பம்) ஹ் ஆகும், கோர்னு – ஹார்ன். ஹாபெனுக்கு உறவு காபெரே. அன்றைக்கும் பதில் சொல்லாமல் போனீர்கள்.

பழஞ்சோறு
பதில் சொல்லலை இல்லை, மட்டுறுத்துநர் இழையைப் பூட்டிட்டார். எதுக்காகப் பூட்டினார்னு கேட்டுப் பாருங்க, உங்க நாலு பின்னூட்டத்துக்காக.

குறில்நெடில்
அப்போ கிரேக்க தெயோஸ்? கடவுள்னு பொருள், தேவன் மாதிரியே இருக்கு.

சொற்சிலந்தி
அதுவும் இல்லை. கிரேக்க த்² வருவது த்⁴-இலிருந்து. தேவன் பக்கத்து ஆள் ஜீயஸ், வேற்றுமை ஏற்றால் தி³யோஸ். மைசீனியக் (மிகப் பழைய கிரேக்க) களிமண் பலகைகளில் த்-உம் த்²-உம் ஒரே குறி, த்³-க்குத் தனிக் குறி. தெயோஸை தெ-ஓ என்றும் ஜீயஸுக்கு என்பதை தி³-வெ என்றும் எழுதியிருக்கிறார்கள்.

குறில்நெடில்
களிமண்ணுல எழுதினவனுக்கே த்³ தனியா இருந்திருக்கு. நமக்குத்தான் இல்ல.

மணிப்பிரவாளன்
அதனால்தான் கிரந்தம் வேண்டும் என்று

குறில்நெடில்
அய்யய்யோ ஆரம்பிக்காதீங்க.

பழஞ்சோறு
உங்க ஒலிமாற்ற விதியை ஜெர்மன்காரர் கிரிம் 1822-ல எழுதினதுக்கு முன்னாடியே டென்மார்க்காரர் ராஸ்க் 1818-ல எழுதிட்டார். விதிக்கு யார் பேர் வைக்கணும்னே சரியாத் தெரியாத கூட்டம் எனக்குச் சொல்லுது.

சொற்சிலந்தி
ராஸ்க் பெயரே வைத்துக்கொள்ளுங்கள். ராஸ்க் விதிப்படி தியேஸுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து வரும்? இரண்டாவது முறை கேட்கிறேன்.

பழஞ்சோறு
டி.