வயர்லெஸ் சார்ஜர் வாங்கலாமா, கேபிளே போதுமா?

வணக்கம். என் போன் அடிப்படை க்யூஐ (Qi, வயர்லெஸ் சார்ஜிங் தரநிலை) வகை, பின்பக்கம் காந்தம் கிடையாது. கேபிளில் 25 வாட் ஏற்கும். மேசைக்கு ஒரு வயர்லெஸ் பேட் வாங்கலாமா என்று யோசனை.

பேட் டப்பாவில் 15 வாட் என்று போட்டிருந்தாலும் இந்த மாதிரி போனுக்கு 5 வாட்தான் கிடைக்கும். அதுவும் பேட்டிலும் போனிலும் உள்ள காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இரண்டும் நேருக்கு நேர் உட்கார்ந்தால். சில மில்லிமீட்டர் விலகினாலே வீணாகும் மின்சாரம் சூடாக மாறும். போன் சூடானதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சில சமயம் நிறுத்தியே விடும். இரவில் வைத்த போன் காலையில் 40 சதவீதத்தில் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லித்தியம் பேட்டரிக்கு ஆகாததும் அந்தச் சூடுதான்.

போர்ட் தேயாது என்பதை மட்டும் பெரிய லாபமாகச் சொல்லாதீர்கள். யூஎஸ்பி-சி போர்ட் 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கும்படி வடிவமைத்தது. தினம் 3 முறை என்றாலும் 9 வருடம். உள்ளே அடையும் பஞ்சும் தூசியும்தான் தொல்லை, அதற்கு மரப் பல்குச்சி போதும்.

கேட்க வந்தது: காந்த வளையம் வைத்த கவரைப் போட்டு, க்யூஐ2 (காந்தத்தால் ஒட்டிப் பொருந்தும் புதிய க்யூஐ தரம்) சார்ஜரில் வைத்தால் இரண்டு காயில்களும் சரியாகப் பொருந்துகின்றனவா? வளையத்தின் நடுவும் காயிலின் நடுவும் எல்லா மாடலிலும் ஒன்றாக இருக்காதே. கவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், அடாப்டர் எத்தனை வாட், அரை மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஏறியது, பேட்டரி எத்தனை டிகிரி என்று அளந்து பார்த்தவர்கள் போன் மாடலோடு சொல்லுங்கள்.